எதிர்வீட்டுக் கதவு



குற்றமும் நகைச்சுவையும் கலந்த படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாப் படங்களையும் பேசக் கிளம்பினால் விடிந்துவிடும். மண்டபத்துக்காரர் விளக்கை அணைத்துவிடுவார். அதனால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 2018 அக்டோபர் 5 அன்று வெளிவந்த இந்திப் படம், ஸ்ரீராம் ராகவன் இயக்கிய 'அந்தாதுன்'. உங்களில் பலர் அதைத் தமிழில் 'அந்தகன்' என்று பிரசாந்த், சிம்ரன் நடிப்பில் பார்த்திருப்பீர்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும்கூட வந்தது. இன்னும் எதையுமே பார்க்காதவர்கள் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முழுக் கதையையும் போட்டு உடைக்கத்தான் போகிறேன். காதைப் பொத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் பொத்திக்கொள்ளலாம்.

நம் மாலைப் பத்திரிகைகளில் ஒரு தலைப்பு எப்போதும் அச்சுக் கோத்தபடியே தயாராக இருக்கும். 'கள்ளக்காதலுக்கு இடையூறாக இருந்த கணவர் கொலை. மனைவி, காதலன் கைது.' ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் மாறும். டீக்கடையில் அதைப் படிக்கிறோம், 'காலம் கெட்டுப்போச்சு' என்கிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். அதே செய்தியை ஒருவர் இரண்டேகால் மணி நேரப் படமாக எடுத்துக் காட்டினால் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம். ஒரு நல்ல மனிதர் செத்துக் கிடக்கிறார், நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஏன்? நாம் கல்நெஞ்சக்காரர்களா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றைக்கு உங்களோடு கொஞ்ச தூரம் நடக்கப் போகிறேன்.

முதலில் கதை. இடம் புனே. இயக்குநர் வளர்ந்த ஊர். திரைப்படக் கல்லூரியில் அவர் படித்த ஊர். அங்கே ஆகாஷ் என்று ஓர் இளைஞன். பியானோ வாசிக்கிறான். கண் நன்றாகத் தெரியும். ஆனால் தெரியாதவன்போல் நடிக்கிறான். கேட்டால் கலைக்காக என்பான். பார்வையை மூடினால் காது கூர்மையாகுமாம். போகட்டும், அந்த நடிப்பில் அவனுக்கு நாலு காசும், ஊரார் இரக்கமும், சோஃபி என்ற ஒரு காதலியும் கிடைக்கிறார்கள்.

அவன் வாசிக்கும் உணவகத்துக்கு பிரமோத் சின்ஹா வருகிறார். எழுபதுகளில் கதாநாயகனாக இருந்தவர். அந்த வேடத்தில் நடித்த அனில் தவனே எழுபதுகளில் கதாநாயகனாக இருந்தவர்தான். படத்தில் ஓடும் பழைய பாட்டுகள் அவருடைய சொந்தப் பாட்டுகள். தமிழில் இதே வேடத்துக்கு நடிகர் கார்த்திக்கைப் போட்டார்கள். சரியான தேர்வு, அவர் முகம் திரைக்கு வந்ததும் நம் ஆட்களுக்கு எண்பதுகள் முழுக்க ஞாபகம் வந்துவிடும். பிரமோத்துக்கு இளம் மனைவி சிமி. நடித்தவர் தபு. கல்யாண நாள் வருகிறது. மனைவிக்குச் சொல்லாமல் வீட்டிலேயே ஒரு கச்சேரி வைத்து அசத்த வேண்டும் என்று பிரமோத்துக்கு ஆசை. ஆகாஷை வரச் சொல்கிறார்.

ஆகாஷ் போய் அழைப்பு மணியை அழுத்துகிறான். சிமி கதவைத் திறக்கிறாள். அவள் முகமே சரியில்லை. கணவர் வீட்டில் இல்லை என்று அனுப்பிவிடத்தான் பார்க்கிறாள். அந்த நேரத்தில் எதிர் ஃபிளாட்டின் கதவு திறக்கிறது. அங்கே வயதான ஓர் அம்மா, திருமதி டிசா. என்ன, ஏது என்று பார்க்கிறார்.

நண்பர்களே, என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கதவில்தான் தொங்குகிறது.

அந்த அம்மா பார்த்ததால்தான் சிமி ஆகாஷை உள்ளே விடுகிறாள். குருடன்தானே, என்ன தெரியப்போகிறது? உள்ளே வந்தவன் பியானோ முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் அவன் கண் போகும் இடத்தில் பிரமோத் செத்துக் கிடக்கிறார். பதறி எழுந்தால் மாட்டிக்கொள்வான். கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டு போகிறான். அங்கே துப்பாக்கியோடு ஓர் ஆள் நிற்கிறான். அவன்தான் மனோகர், சிமியின் காதலன். கண் தெரியாதவன் இப்போது என்ன செய்ய வேண்டும்? வந்த வேலையை முடித்துக்கொண்டு, தட்டுத் தடவித் திரும்பி வந்து, மறுபடி வாசிக்க வேண்டும். வாசிக்கிறான்.

அடுத்து வருகிறதே, அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தைப் பாடமாக வைக்கலாம். வசனம் கிடையாது. பழைய ஊமைப்படம்போல் பியானோ மட்டும் ஒலிக்கிறது. அந்த இசைக்கு நடுவே சிமியும் மனோகரும் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். ரத்தத்தைத் துடைக்கிறார்கள். சைகையால் பேசிக்கொள்கிறார்கள். பெரிய பெட்டியைக் கொண்டுவந்து பிணத்தை அதற்குள் திணிக்கிறார்கள். சத்தம் வரக் கூடாது. குருடனுக்குக் காது கூர்மை ஆயிற்றே! வாசிப்பவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வாசிக்கிறான், ஒரு நரம்பும் அசையாமல். ஆகாஷாக நடித்த ஆயுஷ்மான் குரானா பியானோ கற்றுக்கொண்டு, பதிலி ஆள் இல்லாமல் தானே வாசித்தார். அதனால்தான் காமிரா அவர் கைக்கும் முகத்துக்கும் இடையே வெட்டாமல் நகர முடிகிறது. ஒளிப்பதிவு கே.யு. மோகனன்.

கவனித்தீர்களா? கொலையை இயக்குநர் நமக்கு நின்று காட்டவில்லை. துடைப்பதை நின்று காட்டுகிறார். கொலை ஒரு நொடி, துடைப்பது வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம்மவர்கள் சொல்வார்கள். அந்தப் பூசணிக்காய்க்குக் கையும் காலும் இருந்து, பெட்டி மூட மறுத்தால் எப்படி இருக்கும்? நம் சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. சாவைப் பார்த்து நாம் சிரிக்கவில்லை. தப்பு செய்துவிட்டு, விருந்தாளி வருவதற்குள் வீட்டை ஒழுங்குபண்ணத் துடிக்கும் அந்த அவசரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த அவசரம் நமக்குத் தெரியும். நம் வீட்டில் பிணம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் படத்துக்கு வித்து ஒரு பிரெஞ்சுக் குறும்படம். ஒலிவியே த்ரெய்னே 2010-ல் எடுத்தது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவனின் கதை. கன்னட இயக்குநர் ஹேமந்த் ராவ்தான் அதை ஸ்ரீராம் ராகவனிடம் காட்டினார். அதில் ஒரு வீடு, ஒரு பிணம், ஒரு பெண், குருடனாக நடிக்கும் ஒருவன். அவள் ஏன் கொன்றாள் என்பதைப் பற்றி அந்தப் படம் கவலைப்படவில்லை. நம் ஊருக்கு வந்தபோது ஒரு காதலன் சேர்ந்தான். அவன் சேர்ந்ததும் கதை நம் கதை ஆகிவிட்டது.

நம் கதை என்று ஏன் சொல்கிறேன்? சமஸ்கிருதத்தில் 'சுகசப்ததி' என்று ஒரு நூல். கிளி சொல்லும் எழுபது கதைகள். வணிகன் வெளியூர் போகிறான். மனைவி பிரபாவதி இன்னொருவனைப் பார்க்கப் புறப்படுகிறாள். வீட்டில் இருக்கும் கிளி அவளைத் தடுக்கிறதா? அறிவுரை சொல்கிறதா? இல்லவே இல்லை. 'தாராளமாகப் போ. ஆனால் மாட்டிக்கொண்டால் இன்னாள் சமாளித்தாளே, அப்படிச் சமாளிக்கும் சாமர்த்தியம் இருந்தால் போ' என்கிறது. 'எப்படிச் சமாளித்தாள்?' என்று இவள் கேட்கிறாள். கதை தொடங்குகிறது. நடுவே நிறுத்தி, 'இப்போது அவள் என்ன செய்திருப்பாள், சொல் பார்க்கலாம்' என்கிறது கிளி. இவள் யோசிக்கிறாள், யோசிக்கிறாள், இரவு போய்விடுகிறது. இப்படியே எழுபது இரவு. கணவனும் வந்து சேர்ந்துவிடுகிறான்.

அந்தக் கிளி மகா கெட்டிக்காரக் கிளி. 'இது சரியா?' என்று அது ஒரு நாளும் கேட்கவில்லை. 'மாட்டினால் என்ன சொல்வாய்?' என்று மட்டும் கேட்டது. இந்த வகைப் படங்கள் எல்லாமே அந்த ஒற்றைக் கேள்வியில் பிறந்தவை. இத்தாலியில் பொக்காச்சியோ 14-ஆம் நூற்றாண்டில் எழுதியதும் அதையே. கணவன் திடீரென்று வந்துவிட, ஒருத்தி காதலனைத் தொட்டிக்குள் ஒளித்துவைக்கிறாள். 'தொட்டியை விற்றுவிட்டேன், வாங்க வந்தவர் உள்ளே இறங்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்' என்கிறாள். கணவன் நம்புகிறான்.

அந்தப் பழைய கதைகளில் ஒளிக்கப்படுகிறவன் யார்? காதலன். தொட்டிக்குள் போனவன் உயிரோடு வெளியே வந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். நம் காலத்துப் படத்தில் பெட்டிக்குள் போகிறவன் யார்? கணவன். அவன் உயிரோடு வருவதில்லை. எத்தனை பெரிய மாறுதல் பாருங்கள்! பழங்கதையில் வாயால் மறைத்தார்கள். ஒரு நல்ல பொய் போதுமாக இருந்தது. இப்போது பொய் போதவில்லை. ஏன் போதவில்லை?

சட்டம் கடுமையாகிவிட்டதா? இல்லை ஐயா, தலைகீழ்! 'அந்தாதுன்' வெளிவந்தது அக்டோபர் 5 என்று சொன்னேன். அதற்கு 8 நாள் முன்னால், செப்டம்பர் 27 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. ஜோசப் ஷைன் வழக்கு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, அதாவது பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய பிரிவு, அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒருமனதாக ரத்து செய்தார்கள். 1860-லிருந்து இருந்த சட்டம் அன்றோடு போயிற்று. 2024-ல் வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அது திரும்பவில்லை. மணவிலக்குக்கு அது ஒரு காரணமாகலாம், ஜெயிலுக்கு ஆகாது.

அந்தப் பழைய பிரிவாவது சிமியை என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது. அது ஆணைத்தான் தண்டித்தது. கணவன் புகார் கொடுத்தால் காதலனுக்கு அதிகபட்சம் ஐந்து வருடம். மனைவியை உடந்தை என்றுகூடச் சொல்ல முடியாது. அவளை ஆணின் சொத்துபோல் நினைத்த சட்டம், சொத்தை எப்படித் தண்டிக்கும்? ஆக, படம் வந்த வாரத்தில் சிமி செய்த முதல் காரியம் குற்றமே இல்லை. வந்த கணவன் சத்தம் போட்டிருப்பான், வக்கீலைப் பார்த்திருப்பான், கோர்ட்டுக்கு நடந்திருப்பான். அவ்வளவுதான். அதை மறைக்கச் செய்தவை என்னென்ன? கொலை, தடயம் அழித்தல், பொய்ச்சாட்சி, மறுபடி கொலை. குற்றம் அல்லாத ஒன்றை மூடிவைக்க, தூக்குக் கயிறு வரைக்கும் போகிற குற்றங்கள்!

அப்படியானால் அவள் யாருக்குப் பயந்தாள்? போலீசுக்கா? போலீஸ் அவள் வீட்டுக் கழிவறையில் நிற்கிறது! ஆமாம், மனோகர் காவல்துறை இன்ஸ்பெக்டர். ஆகாஷ் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கொலையைப் பற்றிச் சொல்லப் போலீஸ் நிலையத்துக்குப் போகிறான். போய்ப் பார்த்தால் நாற்காலியில் அவனேதான் உட்கார்ந்திருக்கிறான். வந்த வாயை மூடிக்கொண்டு வேறு ஏதோ புகாரைச் சொல்லிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. திரையரங்கில் நான் பார்த்த காட்சிக்கு அந்த இடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சிரித்தவர்களில் எத்தனை பேர் போலீஸ் நிலையப் படியேறித் திரும்பி இறங்கியவர்களோ.

சட்டத்துக்குப் பயமில்லை. கடவுளுக்கும் பயமில்லை, ஆகாஷின் கண்ணைப் பறிக்க அவள் மருந்து கலந்து கொடுப்பது எதில் தெரியுமா? பிரசாதத்தில்! பயம் எதிர்வீட்டுக்கு மட்டும்தான். அந்தத் திருமதி டிசா, சம்பவத்தன்று வேறோர் ஆள் வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன் என்று போலீஸ்காரரிடம் சொல்கிறார். சிமி அதைக் கேட்டுவிடுகிறாள். அந்த அம்மாவை மேலிருந்து தள்ளிக் கொல்கிறாள். ஆத்திரமில்லை, அழுகையில்லை, தரையில் விட்டுப்போன ஒரு கறையைத் துடைக்கிற மாதிரி முடித்துவிடுகிறாள். தபுவின் முகத்தை அந்த இடத்தில் நன்றாகப் பாருங்கள். முன்பே ஒரு காட்சியில் நண்டு சமைப்பதைப் பற்றிப் பேசுவாள். கொதிக்கிற தண்ணீரில் போடுமுன் ஃபிரீசரில் வைத்துவிட்டால் அது மரத்துப்போகும் என்று பக்குவம் சொல்வாள். அதே குரல், அதே நிதானம். நல்ல சமையல்காரி.

நம் அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்? அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் திறக்க வேண்டும். மற்ற நேரத்தில் கண்ணே இருக்கக் கூடாது. பார்த்தும் பார்க்காததுபோல் போவதைத்தானே நாகரிகம் என்கிறோம்? அப்படிப் பார்த்தால் ஆகாஷ்தான் உலகத்திலேயே சிறந்த பக்கத்து வீட்டுக்காரன். எல்லாம் தெரியும், எதுவும் தெரியாது. டிசா அம்மாவுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. உயிரை விட்டார்.

ஆனால் ஆகாஷை நல்லவன் என்று நான் சொல்லவில்லை. அவன் பார்வையை மறைத்தது எதற்கு? தன் வசதிக்கு. கொலையைப் பார்த்தும் மறைத்தது எதற்கு? உயிருக்குப் பயந்து, அதைக்கூட மன்னிக்கலாம். பிற்பாதியில் அவனே மிரட்டிப் பணம் பறிக்கக் கிளம்புகிறானே, அது எதற்கு? பார்த்தவனுக்கு ஒரு விலை உண்டு என்று தெரிந்துகொண்டதும் அவனும் வியாபாரத்தில் இறங்கிவிடுகிறான்.

இந்த இடத்தில் நம் தமிழ்ப்படம் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்', 2019 மார்ச் 29. வேம்பு, முன்னாள் காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள். அவன் படுக்கையிலேயே செத்துப்போகிறான். யாரும் கொல்லவில்லை. கணவன் முகில் வந்துவிடுகிறான். நடித்தவர்கள் சமந்தா, ஃபகத் பாசில். இங்கே ஒளிக்கப்படுவது மறுபடி காதலன். ஒளிக்கும் இடம் ஃபிரிட்ஜ். ஒளிப்பவர்கள் யார்? கணவனும் மனைவியும் சேர்ந்து! துரோகம் செய்யப்பட்டவனே பிணத்தின் காலைப் பிடித்துத் தூக்குகிறான். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்ற ஒரே கவலை இருவரையும் ஓரணியில் சேர்க்கிறது. பிணத்தை ஒழித்துவிட்டுப் பிரிந்துவிடலாம் என்று ஏற்பாடு. கல்யாணத்தில் சேராதது இழவில் சேர்ந்தது! அங்கேயும் பார்த்துவிடுகிற ஒருவன் வருகிறான். பெர்லின் என்ற சப்-இன்ஸ்பெக்டர். அவன் கேட்கும் விலை வேம்புவின் உடம்பு. இரண்டு படத்திலும் காக்கிச்சட்டை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

'அந்தாதுன்' படத்தின் பிற்பாதியை நான் முன்பாதி அளவுக்கு ரசிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறுப்பு திருடும் டாக்டர், ஆட்டோக்காரர், லாட்டரி விற்கும் பெண் என்று ஆள் சேரச் சேர, அந்த வீட்டின் இறுக்கம் தளர்ந்துபோகிறது. ஆனாலும் 66-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த இந்திப் படம், திரைக்கதை, நடிகர் மூன்றும் இதற்குக் கிடைத்தன. நடிகர் விருதை குரானா விக்கி கௌஷலோடு பகிர்ந்துகொண்டார். 2019 ஏப்ரலில் சீனாவுக்குப் போய் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. பீஜிங்காரருக்கு எதிர்வீட்டு அம்மாவை விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன், படத்தின் முடிவுக்கும்தான். ஆகாஷுக்கு இப்போது உண்மையிலேயே கண் போய்விட்டது. சிமியைக் கட்டி காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு டாக்டர் போகிறார். அவள் கல்லீரலைத் துபாய்க்கு விற்றுவிட்டு, கருவிழிப் படலத்தை உனக்கு வைக்கிறேன் என்று ஆகாஷுக்கு ஆசை காட்டுகிறார். பிறகு? இரண்டு வருடம் கழித்து ஐரோப்பாவில், ஒரு காப்பிக் கடையில், ஆகாஷ் சோஃபியிடம் சொல்கிறான்: சிமி தப்பித்து, டாக்டரைக் கொன்று, என்மீது காரை ஏற்ற வந்தாள், வேட்டைக்காரனுக்குத் தப்பி ஓடிய முயல் கண்ணாடியில் மோதி, கார் கவிழ்ந்து எரிந்தது, நான் பிழைத்தேன். பாவம், பார்வை மட்டும் வரவில்லை. சோஃபிக்கு மனம் இளகிவிடுகிறது. டாக்டர் சொன்னதற்கு நீ சம்மதித்திருக்கலாம் என்கிறாள். அவன் தடியைத் தட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறான். வழியில் கிடந்த ஒரு காலி டப்பாவைத் தடியால் ஓங்கி அடித்து விரட்டுகிறான்.

குருடனுக்கு டப்பா எப்படித் தெரிந்தது?

அப்படியென்றால் கண் வந்துவிட்டது. கண் வந்தது என்றால் யாருடைய கண்? முயல் கதையைப் பார்த்தவர் யார்? அவன் ஒருவன்தான். நமக்குத் திரையில் காட்டியது அவன் வாய்மொழி. இத்தனை நேரம் சிமியும் மனோகரும் அரைகுறையாகச் செய்துகொண்டிருந்த வேலையை, அந்தப் பையன் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் கச்சிதமாக முடித்துவிட்டான். ரத்தமில்லை, பெட்டியில்லை, துடைப்பமில்லை. ஒரு கதை, அதைக் கண்கலங்கக் கேட்க ஒரு பெண். பிரபாவதியின் கிளி இதைக் கேட்டிருந்தால் 'நீ தாராளமாகப் போகலாம்' என்று சொல்லியிருக்கும்.

முயல் உண்மைதான், டப்பா தற்செயல் என்று வாதாடுகிறவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். படத்தின் முதல் காட்சியிலேயே முயல் வருகிறதே என்பீர்கள். கேள்வி நேரம் இருக்கிறது. தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒலிவாங்கிக்கு வாருங்கள், சண்டை போடலாம்.